தன் கரியில் ஒரு மரம்

இரவு ஷிஃப்ட்காரனுக்கு வீடு என்பது பகலில் தூங்கும் இடம். மற்றதெல்லாம் அப்புறம்தான். சாங்வியில் அந்த மொட்டை மாடி அறையை நான் எடுத்ததற்குக் காரணம் அதன் பக்கத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை முழுவதையும் அதன் கிளைகள் மூடியிருந்தன. ஏப்ரல் வெயிலில்கூடக் கதவைத் திறந்து வைத்துப் பாயை விரித்தால் மதியம் தாண்டும்வரை பிணம் மாதிரி தூங்கலாம்.

ஆகுர்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் கான்ட்ராக்ட் ஆள். தகட்டை அச்சில் வைக்க வேண்டும், மெஷின் இறங்கி ஏறியதும் எடுக்க வேண்டும். விடியும்வரை அதுதான். தூக்கம் கெட்டவன் அந்த மெஷின் முன்னால் நிற்கக் கூடாது. எங்கள் வரிசையில் விரல் குறையாமல் இருந்தவர்கள் எல்லோரும் பகலில் ஒழுங்காகத் தூங்கியவர்கள். நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். கையைத் தவிர என்னிடம் வேறு சர்டிபிகேட் கிடையாது.

வீட்டுக்காரி பார்வதியைத் தெருவே காக்கூ, அதாவது மராட்டியில் சித்தி, என்றுதான் கூப்பிடும். காக்கூவுக்கு மரத்தைக் கண்டால் ஆகாது. பிசுபிசுவென்று காய் விழுகிறது, இலை விழுந்து மாடியின் தண்ணீர்க் குழாயை அடைக்கிறது, வேர் தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிளக்கிறது என்று தினமும் புலம்பல். வெட்டிவிடப் போகிறேன் என்றாள். நான் ஒரு பேச்சு பேசினேன். தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மாடி முழுவதையும் நான் கூட்டுகிறேன், குழாயைக் குத்திவிடுகிறேன், மரத்தில் கை வைக்க வேண்டாம். அவள் ஒப்புக்கொண்டாள். அதன்பின் தூக்கக் கண்ணோடு இலை கூட்டுவதும் என் ஷிஃப்டில் ஒரு பகுதியாகிவிட்டது.

மாதவ் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். அவன் முழுசாகப் படித்து முடித்து, ஔந்தில் ஒரு கம்பெனியில் பகல் வேலைக்குப் போனான். ஆசையெல்லாம் காமிராவில். 2001 கோடையில் ஒருநாள் கண்ணாடி போட்ட மரச் சட்டங்கள் நாலைந்தை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு என் மாடிக்கு வந்து நின்றான்.

"பகல்ல வீட்ல இருக்கற ஒரே ஃப்ரெண்ட் நீதான்டா, கிரேக். எங்க ஃப்ளாட்ல வெயிலே வராது. உன் மாடில தெக்கு மூலைல மட்டும் மரத்து நிழல் விழலை பாரு. இதை அங்க வெச்சுக்கறேன்."

"என்ன இது?"

"இந்த மரத்து இலையை மிக்ஸில அரைச்சு, வடிகட்டி, பேப்பர்ல பூசணும். மேல இதே மரத்தோட ஃபிலிமை வெச்சு வெயில்ல போட்டுடணும். வெயில் பட்ட இடம் வெளுத்துடும். படாத இடம் பச்சையா நிக்கும். மரம் தன்னோட ஜூஸ்ல தன்னையே வரைஞ்சுக்கும்டா!"

"கெமிக்கல்?"

"கிடையாது. இலை, கொஞ்சம் ஸ்பிரிட், வெயில். அவ்ளோதான்."

"பைத்தியம் ஆயிட்டியா?"

"நீ தூங்கு. உன்னை யார் கேட்டா? சட்டத்தை மட்டும் வெயில் நகர நகர நகர்த்தி வை."

ஆக, வேலை எனக்கு வந்தது. காலையில் கூட்டும்போது ஒருமுறை, தூங்கி எழுந்ததும் ஒருமுறை சட்டங்களை வெயில் பக்கமாகத் திருப்பி வைப்பேன். என் மிக்ஸியில் சட்னி அரைத்தாலும் தழை வாடை அடித்தது. வாரக்கணக்கில் வெயிலில் கிடந்து முதல் படம் வந்தது. மஞ்சள் வெளியில் பச்சையாக, என் கூரைமேல் சாய்ந்த அதே மரம். நன்றாகத்தான் இருந்தது. அன்று நான் தூங்கப் போக நேரமானது.

"தூங்குமூஞ்சி மரத்துக்கு அடில ஒரு தூங்குமூஞ்சி," என்று மாதவ் சிரித்தான். "தமிழ்ல இதுக்கு இதுதான் பேராம். அம்மா சொன்னா. உனக்காகவே வெச்சிருக்காங்க."

"போடா. சாயந்திரம் ஆனா அது இலையை மூடிக்கிட்டுத் தூங்கப் போயிடும். நான் டிஃபன் டப்பாவைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போவேன்."

கேம்ப் கடைத்தெருப் பக்கம் ஒரு சின்ன கேலரியில் அந்தப் படங்களை மாட்டினார்கள். மரத்தின் இலைச் சாற்றில் மரம் என்று நாலு பேர் அதிசயப்பட்டு வாங்கவும் செய்தார்கள். ஆனால் அந்தப் பச்சையை நிறுத்தி வைக்க ஒரு வழியும் இல்லை. எந்த வெளிச்சம் படத்தைச் செய்ததோ அதே வெளிச்சம் அதைத் தின்றது. சில மாதத்தில் ஒரு டாக்டரம்மா தான் வாங்கிய படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாள். சட்டத்துக்குள் பழுத்த காகிதம் மட்டும் இருந்தது. தன் வாடிக்கையாளர்கள் வெற்றுக் காகிதம் வாங்குவதில்லை என்று கேலரிக்காரி மாதவிடம் சொல்லிவிட்டாள்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என் மாடியில் வந்து உட்கார்ந்திருந்தான்.

"நிலைச்சு நிக்கணும்டா. கரில பண்ணினா மங்காது."

"கீழ விழுந்த சுள்ளி எவ்வளவோ கெடக்கு. கரியாக்கிக்க."

அதையும் செய்தான். சுள்ளிக் கரியில் போட்ட படம் கறுப்பும் சாம்பலுமாக, இலைப் படத்தைவிடத் தெளிவாக வந்தது. கேலரிக்கு எடுத்துப் போனவன் முகம் செத்துத் திரும்பி வந்தான்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் இல்ல. பாக்கலாம்னா."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது.

2003 ஏப்ரல் கடைசியில் தேஹு ரோடில் என் தங்கை டானியாவுக்குக் கல்யாணம். என் அப்பா எட்மண்ட் அங்கே ராணுவ ஆர்ட்னன்ஸ் டெப்போவில் கிளார்க். கல்யாண போட்டோவை மாதவ்தான் எடுக்கப் போகிறான், கேலரியில் படம் மாட்டுகிற பையன் என்று சர்ச் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். முதல் நாள் மாதவ் போன் செய்தான். குரல் கம்மியிருந்தது.

"வைரல் ஃபீவர்டா. எழுந்திருக்கவே முடியலை. டானியாகிட்ட நீயே ஸாரி சொல்லிடு. ஒரு ஸ்டூடியோ ஆளை அனுப்பறேன்."

"உடம்பைப் பாத்துக்க," என்றேன்.

வந்த ஸ்டூடியோ ஆள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போனான். அப்பா அவனைப் பார்க்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தார். மறுவீடு, விருந்து எல்லாம் முடித்துக்கொண்டு சாங்வி திரும்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தெரிந்தது. எங்கள் தெரு முனையில் வழக்கமாகப் பச்சை தெரியும் இடத்தில் வானம் தெரிந்தது. என் அறை, உரித்த கோழி மாதிரி வெயிலில் நின்றது. கீழே வெட்டித் துண்டு போட்ட மரம். ஒரு துண்டின்மேல் மாதவ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். காக்கூ வீடு பூட்டியிருந்தது. சாத்தாராவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

"வெட்டறாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். காய்ச்சலோட ஓடி வந்தேன்டா. நான் வந்தப்போ எல்லாம் முடிஞ்சிடுச்சு. அடிமரம் மட்டும்தான் கிடந்தது." அவன் கண் சிவந்திருந்தது. "காக்கூ ஏமாத்திட்டாங்க. நீ இல்லாத நேரமாப் பாத்து."

நான் நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன இருந்தது? காய்ச்சலோடு எனக்காக ஓடி வந்தவன் அவன். பேச்சை மீறியவள் அவள்.

கோபம் வந்தால் பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. காக்கூ ஊரிலிருந்து திரும்பியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடி ஏறினேன். வாடகையைக் கதவிடுக்கில் செருகினேன். அவள் ஒருமுறை படிக்கட்டு அடியில் நின்று "பேட்டா" என்று மகனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. அவளும் விட்டுவிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

மாதவ் மரத்துண்டுகளைத் தடவியபடி சொன்னான்: "இதை அடுப்புக்குப் போக விடக் கூடாதுடா. இந்த மரத்தோட படத்தை இதோட கரியிலேயே போடுவோம். உனக்காகவாவது போடணும்."

எனக்காக என்றான். நானும் இறங்கினேன். விறகைச் சின்னச் சின்னதாகப் பிளந்து எண்ணெய் டின்களில் அடைத்து, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி, மாடி மூலையில் தீ மூட்டுவேன். காற்றுப் புகாமல் வெந்த கட்டை சாம்பலாகாமல் கரியாக வரும். அதை இடித்து, வேட்டித் துணியில் சலித்து, மை மாதிரி ஆக்குவேன். துப்பினால் எச்சில் கறுப்பாக வந்தது. அவன் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, கரித்தூளையும் வெயில் பட்டால் இறுகும் ஒரு உப்பையும் கருவேலம் பிசினில் குழைத்து, என் அறையை இருட்டாக்கிக்கொண்டு காகிதத்தில் பூசுவான். லீவு நாளில் ஃபிலிமை வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் போடுவோம். வெயில் படாத கரி கரைந்து போகும். மிச்சம் நிற்பது மரம். வாளித் தண்ணீருக்குள் அது கிளை கிளையாக வெளியே வரும்போது இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். அவனுக்கு அப்போது மனசில் என்ன ஓடியது என்று பிற்பாடு பலமுறை யோசித்தேன்.

அந்த நாட்களில் நான் தூங்கவே இல்லை. அந்தக் கூரைக்குக் கீழே பகலில் யாராலும் தூங்க முடியாது. ஈரச் சாக்கைக் கூரைமேல் போட்டேன், காய்ந்தது. ஃபேன் போட்டேன், அனலை வாரி வீசியது. வேறு அறை தேடினேன். என்னால் முடிந்த வாடகைக்கு எல்லாமே தகரமும் ஆஸ்பெஸ்டாஸும்தான். தூக்கம் வராததால் கரி இடித்தேன். கரி இடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜூன் தொடக்கத்தில், மழை இறங்குவதற்கு முன், பிரஸ் முன்னால் ஒரு நொடி கண் சொக்கியது. மெஷின் என் கையுறையின் நுனியைக் கடித்துக்கொண்டு போனது. நகத்தோடு போயிற்று. விரல் தப்பியது. சூப்பர்வைசர் என்னைக் கழிவுத்தகடு அள்ளும் பக்கம் தள்ளிவிட்டார். "இன்னொரு தடவை மெஷின் முன்னால தூங்கினா உன் கை போறதுக்கு முன்னாடி என் வேலை போகும்," என்றார். பிரஸ்ஸில் நிற்கிறவனுக்குத்தான் கான்ட்ராக்ட் நீட்டிப்பார்கள். கழிவு அள்ளுகிறவன் மார்ச் வரை ஓட்டினால் பெரிது.

மழையும் குளிரும் என்னைக் கொஞ்சம் காப்பாற்றின. அடுத்த பிப்ரவரியில் மாதவின் படங்களுக்குப் பெரிய கேலரி கிடைத்தது. முடி வெட்டி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வெள்ளைச் சுவரில் வரிசையாக மரம். வெட்டப்பட்ட மரத்தின் கரியாலேயே அச்சான படங்கள் என்று வாசலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். பெயர் அவனுடையது மட்டும். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஒரு படத்தின் முன்னால் மட்டும் கூட்டம். போய் எட்டிப் பார்த்தேன். நான்தான். பாயில் வாயைத் திறந்தபடி தூங்குகிறேன், முகத்திலும் மார்பிலும் இலை நிழல். எப்போது எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தாண்டி நின்ற ஒரு பெண் "பாவம், இப்போ இவன் எங்கே தூங்குவான்?" என்று இந்தியில் கேட்டாள். அவள் கணவன் சிரித்தான்.

அங்கிருந்து நகர்ந்து வரிசையின் முதல் படத்துக்கு வந்தேன். மரம் முழுசாக நின்றது. காலை வெயில். கவட்டையில் ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தார்கள். அடியில் ரம்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்கள் டீ குடித்தார்கள். மேலே என் அறை. கதவில் பூட்டு.

ஒரு கிளைகூட விழவில்லை. ஸ்டாண்டு போட்டு, நிதானமாக, கோணம் பார்த்து எடுத்த படம். எடுத்தவன் வெட்டுவதற்கு முன்பே அங்கே நின்றிருக்கிறான்.

மாதவ் யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தான். முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தேன்.

"நீ வந்தப்போ அடிமரம் மட்டும்தான் கெடந்ததுன்னு சொன்னே."

"கிரேக், இங்க வேண்டாம்டா. அப்புறம் பேசலாம்."

"காய்ச்சல்னு சொன்னே. என் தங்கச்சி கல்யாணத்துக்கு வரலை. அங்க நின்னு வெட்ட வந்தவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்திருக்கே."

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு பொய்யைக் கைவிட்டான். அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. அவ்வளவு சுலபமாகக் கைவிட்டான்.

"சுள்ளிக் கரில பண்ணினதைக் கொண்டு போனேன் இல்லியா? அந்தப் பழைய கேலரிக்காரி என்ன சொன்னா தெரியுமா? நிக்கற மரத்தோட படத்தை யார் வாங்குவா, ஜன்னலைத் திறந்தா மரமே தெரியறதேன்னா. இல்லாத மரம்னாதான் அந்தக் கரிக்கு மதிப்பு. அது உண்மைதானே? நீயே சொல்லு. மரம் நின்னுண்டு இருந்தா இது வெறும் கரி."

"நான் அதுக்கு அடில தூங்கிட்டு இருந்தேன்."

"காக்கூ எப்படியும் ஒருநாள் வெட்டியிருப்பாங்க."

"எப்படியும் வெட்டியிருந்தா நீ ஏன் என்கிட்ட மறைச்சே?"

உள்ளிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். போகும்போது, "உன் படம்தான் முதல்ல வித்தது, தெரியுமா?" என்றான். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் காக்கூவின் கதவைத் தட்டினேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மரத்தை ஏன் வெட்டினீங்க, காக்கூ?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். இந்தியும் மராட்டியுமாகக் கொட்டினாள். "இப்போ கேக்கறியா? உன் சிநேகிதன்தான் வந்தான். தொட்டிச் சுவர் வெடிச்சதை அவன்தான் போட்டோ புடிச்சு, மரம் வெட்ட அனுமதி கேட்டு கார்ப்பரேஷன்ல மனுவோட குடுத்தான். ஆளு, கயிறு, ரம்பம் எல்லாம் அவன் கொண்டாந்தது. கிரேக் என்ன சொல்றான்னு நான்தான் கேட்டேன். பேசிட்டேன் காக்கூ, அவனுக்குச் சம்மதம்தான், கண்ணால பாக்க மனசில்லாம கல்யாணத்துக்குப் போயிட்டான்னான். நீயும் வந்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனே. சரின்னு சொல்லிட்டு இப்போ மனசு கேக்கலை போலன்னு விட்டுட்டேன். நான் என்ன, பேச்சு மாறுறவளா?"

"இல்ல, காக்கூ," என்றேன். அவள் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தாள். குடித்தேன்.

மார்ச்சில் கூரை மறுபடி காய ஆரம்பித்தது. இரண்டு வாரம் பொறுத்தேன். ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஔந்துக்குப் போனேன். மாதவ் புதிதாகக் குடி போயிருந்த ஃப்ளாட். கதவைத் திறந்தது அவன் அம்மா பாமா.

"வாடா கிரேக்! என்னடா இது, பாயும் கையுமா? எங்கயாவது யாத்திரை கிளம்பிட்டியா?"

"தூங்க வந்திருக்கேன், மாமி."

"தூங்கவா? காபி குடிச்சுட்டுத் தூங்கேன். டேய் மாதவ், யாரு வந்திருக்கான் பாரு."

மாதவ் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். என்னையும் பாயையும் பார்த்தான். மாமி உள்ளே போகும்வரை காத்திருந்தான்.

"சண்டை போட வந்திருக்கியா?"

"இல்ல. எனக்குத் தூங்கணும். நீதான் தூக்கத்தை எடுத்தே. நீயே குடு."

தன் அறைக் கதவைத் திறந்துவிட்டான். ஏசி போட்டான். தடிமனான திரையை இழுத்து மூடினான். ஒரு தலையணையை எடுத்துக் கொடுத்தான்.

"தினமும் வந்துக்கோ. நான் பகல்ல இருக்கப் போறதில்ல. இந்த ரூம் உன்னுதுன்னு நினைச்சுக்கோடா. நிஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னான். அது எனக்குத் தெரிந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

குளிர்ச்சி, இருட்டு, அமைதி. மரம் தந்ததைவிட அதிகம். ஒரு இரவு ஷிஃப்ட்காரன் கேட்கக்கூடியது எல்லாம் அந்த அறையில் இருந்தது. பாயை விரித்துப் படுத்தேன். உடம்பு இறங்கியது. கண் மட்டும் மூடவில்லை.

தூங்கினால் வாய் திறந்துகொள்ளும். யார் வந்து நின்று பார்த்தாலும் எனக்குத் தெரியாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். முதுகு கதவைப் பார்த்தபடி இருந்தது, பிடிக்கவில்லை. மறுபடி கதவைப் பார்த்துத் திரும்பினேன். வெளியே அவன் ஷூ போடும் சத்தம், மாமி டப்பா கொடுக்கும் சத்தம், லிஃப்ட். அவன் போய்விட்டான் என்று நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகும் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மதியம் மாமி மெல்லத் திறந்து எட்டிப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ, எழுப்பிட்டேனா?"

"இல்ல மாமி. தூங்கவே இல்ல."

"புது இடம்டா. நாளைக்குப் பழகிடும்."

"வர மாட்டேன் மாமி," என்றேன். அவள் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு உள்ளேயே சூப்பர்வைசர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். பிரஸ்ஸில் ஒருவன் வரவில்லை.

"இன்னிக்கு நீ நில்லு. ஒழுங்கா ஓட்டிட்டேன்னா பழைய இடத்துலயே போட்டுடறேன், கான்ட்ராக்டும் நீட்டிக்கலாம்." என் கண்ணைக் குனிந்து பார்த்தார். "பகல்ல தூங்கினியா?"

தலையை ஆட்டினால் போதும். ஒன்பது மாதமாகக் காத்திருந்த இடம். உள்ளே மெஷின்கள் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. கையை விரித்துப் பார்த்தேன். நகம் இன்னும் சரியாக வளரவில்லை.

"தூங்கல, சாப்."

"அப்போ எதுக்குடா வந்தே? இன்னிக்கு வேலை இல்ல, போ."

அவர் உடனே பின்னால் வந்தவனைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அவன் தூங்கினேன் என்றான். நான் டிஃபன் டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, உள்ளே வருகிறவர்கள் தோளில் இடித்துக்கொண்டே வெளியே நடந்தேன்.